விருத்தாசலம் தப்பியது... தரங்கம்பாடி மாட்டியது!

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன். வீட்டில் கரன்ட் போனால் பீங்கான் பியூஸ் கேரியரைப் பிடுங்கி, கம்பி சுற்றி மாட்டிய தலைமுறைக்கு அது பீங்கான் ஊர். சுற்றுவட்டாரத்தில் நல்ல களிமண் கிடைக்கிறது. அதனால் சூளைகள் வந்தன, பீங்கான் தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையமும் வந்தது.

இந்த ஊரின் கதையில் பலர் சொல்ல மறந்துவிடும் பெயர் ஒன்று உண்டு. டேனிஷ் மிஷன். விருத்தாசலம், நெல்லிக்குப்பம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அந்தக் கால ஆற்காடு பகுதிகளில் பள்ளியும் மருத்துவமனையும் தேவாலயமும் கட்டியவர்கள் டென்மார்க் நாட்டு மிஷனரிகள். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவர்கள் வழி வந்தது.

'மிஷனரி டென்மார்க்கிலிருந்து வந்தால் என்ன, ஜெர்மனியிலிருந்து வந்தால் என்ன... எல்லோரும் வெள்ளைக்காரர்தானே?' என்று கேட்கத் தோன்றும். 1914 ஆகஸ்ட் வரைக்கும் நம் ஊர் ஜனங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, எந்த நாட்டில் பிறந்தார் என்ற ஒரே ஒரு கேள்வி, ஒருவர் அன்றிரவு தன் வீட்டில் தூங்குவாரா, முள்வேலிக்குள் தூங்குவாரா என்பதை முடிவு செய்தது. ஒரே பைபிள், ஒரே லுத்தரன் சபை, இரு தரப்பும் பேசியது அதே தமிழ். விருத்தாசலத்து டேனிஷ்காரர்களை யாரும் தொடவில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, தரங்கம்பாடியை மையமாக வைத்து இயங்கிய ஜெர்மானிய மிஷன் மூட்டை கட்டப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு நாட்டுக்காரர்களின் கதையும் ஆரம்பத்திலிருந்தே பின்னிப்பிணைந்தது. 1706-ல் டென்மார்க் அரசர் தரங்கம்பாடிக்கு அனுப்பிய சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். டேனிஷ் கொடியின் கீழ் வந்து, தமிழ் கற்று, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். அவரையே தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவைத்தார் என்பது தனிக்கதை. அதேபோல, தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷனுக்கு அடித்தளம் போட்ட கார்ல் ஓக்ஸும் ஜெர்மானியர்தான். தரங்கம்பாடியில் இயங்கிய லைப்சிக் மிஷனில் வேலை பார்த்தவர். 'சபைக்குள் சாதி வித்தியாசத்தை விட்டுவைக்கக் கூடாது' என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக மிஷன் தொடங்கினார். டென்மார்க் மிஷனரி சங்கம் அவருக்குக் கை கொடுத்தது.

அந்தச் சாதிச் சண்டை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்? விருத்தாசலம் பக்கத்து மிஷனும் ஜெர்மானியர் கையிலேயே இருந்திருக்கலாம். ஐம்பது வருடம் கழித்து அதற்கும் பூட்டு விழுந்திருக்கும்.

எம்டன் வந்தான்!

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. அதே மாதத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டவர் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எதிரி நாட்டில் பிறந்தவர்கள் எங்கே தங்கலாம், எங்கே போகலாம் என்பதையெல்லாம் இனி அரசு சொல்லும். குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, நீதிமன்றமும் வேண்டாம்.

அடுத்த மாதமே சென்னையில் அது நடந்தது. செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்தத் தாக்குதல் சென்னையைக் குலைநடுங்க வைத்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கான நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. 'அவன் சரியான எம்டன்' என்று சொல்கிறோமே... அந்த எம்டன் இந்தக் கப்பல்தான். (செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு ஆதாரம் கிடையாது.)

ஆக, பயம் வெறும் கற்பனை அல்ல. ஜெர்மானியக் கப்பல் நிஜமாகவே வந்தது, நிஜமாகவே சுட்டது. அரசாங்கம் எச்சரிக்கையாக இருந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால், கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பாதிரியாருக்கும் என்ன சம்பந்தம்? இருவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். அவ்வளவுதான். சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எம்டனை நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அடித்து முடித்துவிட்டது. சந்தேகம் மட்டும் முடியவில்லை.

ஜெர்மானியர்களை அடைத்துவைக்க மகாராஷ்டிராவின் அகமத்நகர் தேர்வானது. ஏற்கெனவே தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்துவைத்த ஊர் அது. வியாபாரிகள், இன்ஜினீயர்கள், கப்பல் மாலுமிகள், மிஷனரிகள் என்று எல்லா ஜெர்மானியர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ராணுவத்தில் சேரும் வயதில் இருந்த ஆண்களில் பலர் போர் முடியும்வரை அங்கேயே கிடந்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள், பாதிரியார்கள் ஆகியோரை 'கோல்கொண்டா' என்ற கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். அந்தக் கப்பல் 1915 கடைசியில் ஒரு முறை, 1916-ல் மறுமுறை என இரண்டு தடவை புறப்பட்டது. தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளும் 'தாய்நாட்டுக்கு' அனுப்பப்பட்டவர்களில் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை எது தாய்நாடு, எது அயல்நாடு என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் விட்டுப்போன பள்ளிகளும் சபைகளும் என்ன ஆயின? போரில் கலந்துகொள்ளாத ஸ்வீடன் நாட்டு மிஷனரிகள் பொறுப்பேற்றார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. தமிழ்ப் போதகர்களும் ஆசிரியர்களும் அதுவரை கைக்கு வராத பொறுப்புகளைச் சுமக்க வேண்டிவந்தது. 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. அதாவது, ஜெர்மானியரைச் சிறைபிடித்ததன் விளைவாகத் தமிழர்கள் தங்கள் சபையைத் தாங்களே நடத்தும் காலம் சீக்கிரம் வந்தது. ஆனாலும் முதல் பேராயர் தமிழர் அல்ல. 1921-ல் பதவியேற்ற எர்ன்ஸ்ட் ஹியூமன் ஸ்வீடன்காரர். ராஜா பி. மாணிக்கம் என்ற தமிழர் அந்த நாற்காலியில் உட்கார 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓட்டுக்கு யார் சொந்தக்காரர்?

களிமண்ணை நம்பிப் பிழைக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிடித்தமான இன்னொரு கதை இதில் உண்டு. பழைய வீடு இடிக்கும்போது 'பாசல் மிஷன்' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்திய சிவப்பு ஓடு கிடைக்கும். பழைய சாமான் கடையில் அதற்கு இப்போது தனி மவுசு. மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது அதைத்தான்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் அது. ஆனால் மிஷனரிகளில் பெரும்பாலோர் தென் ஜெர்மனிக்காரர்கள். மதம் மாறியதால் ஊரிலிருந்தும் தொழிலிலிருந்தும் விலக்கப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க நெசவாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் தொடங்கினார்கள். 1865-ல் மங்களூரில் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஓட்டுச் சூளைதான் முன்னோடி. பிறகு கோழிக்கோடு, பாலக்காடு பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் வந்தன. மலபாரும் அப்போது மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தது.

போர் வந்ததும் இந்தத் தொழிற்சாலைகள் எதிரிச் சொத்தாகிவிட்டன. 'தலைமையிடம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, நாங்கள் நடுநிலை நாடு' என்ற வாதம் எடுபடவில்லை. போர் முடிந்தபோது சூளைகளும் ஆலைகளும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. அதே மண்ணை, அதே தொழிலாளி பிசைந்து, அதே சூளையில் சுட்டார். முதலாளி மட்டும் மாறினார். பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்றார்கள். போட்டிக் கம்பெனியை ஒழித்துக்கட்டுவது எந்த வகையில் நாட்டின் பாதுகாப்பு என்பதை அரசு கடைசிவரை விளக்கவில்லை.

டேனிஷ்காரர்கள் நிம்மதியாக இருந்தார்களா?

டென்மார்க் முதல் உலகப் போரில் நடுநிலை வகித்தது. அதனால் விருத்தாசலம், திருக்கோவிலூர் பக்கத்து மிஷனரிகளுக்கு முள்வேலி இல்லை. ஆனால், சந்தேகம் என்பது ஒரு தடவை பழகிவிட்டால் பிறந்த நாட்டோடு நிற்பதில்லை.

எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண், 1916-ல் இந்தியாவுக்கு வந்த டேனிஷ் மிஷனரி. ஆசிரமத்துக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவருக்குத் தந்தை ஸ்தானத்தில் இருந்து கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான்... மதராஸ் அரசின் பார்வை எஸ்தர்மேல் விழுந்தது. மிஷனுக்கு நெருக்கடி வந்தது. கடைசியில் அவர் மிஷனைவிட்டே விலகினார். பின்னர் ஒரு தமிழ் அன்பரோ மலையாளியோ என்று பார்க்காமல் மேனன் என்ற இந்திய மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்தார். அவருடைய தோழி ஆன் மேரி பீட்டர்சன், அதே கடலூர் மாவட்டக் கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியப் பள்ளியைத் தொடங்கினார். 1921-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. நடுநிலை நாட்டுக்காரர் என்பது எஸ்தரைச் சிறையிலிருந்து காப்பாற்றியது, சந்தேகத்திலிருந்து காப்பாற்றவில்லை.

இரண்டாவது ரவுண்டு

1920-களின் நடுவில்தான் ஜெர்மானிய மிஷனரிகள் தமிழ்நாட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. பழைய வீடுகளைச் சரிசெய்து, பழைய நண்பர்களைத் தேடிப் பிடித்து, வேலையை மறுபடி தொடங்கி ஒரு பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. 1939 செப்டம்பர் 3-ம் தேதி இரண்டாம் உலகப் போர். போலீஸ் மறுபடியும் கதவைத் தட்டியது. இடமும் மறுபடி அதே அகமத்நகர்.

இந்த முறை பிரிட்டிஷ் அரசு கொஞ்சம் நிதானமாகத்தான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். சர் மால்கம் டார்லிங் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். நாஜிக் கட்சிக்காரர் யார், மிஷனரி யார், ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த யூதர் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். பலரை விடுதலையும் செய்தார்கள். இதுதான் நியாயமான வழி. மனிதரைப் பார், பிறந்த ஊரைப் பார்க்காதே.

அந்த நியாயம் சில மாதம்தான் நீடித்தது. 1940 மே மாதம் ஹிட்லரின் படை ஹாலந்திலும் பிரான்சிலும் புகுந்தது. லண்டனில் பதற்றம் உச்சத்துக்குப் போனது. அங்கே ஏறத்தாழ 27 ஆயிரம் பேரை வாரிப்போட்டு அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த யூதர்கள்! கைதிகளைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற 'அரண்டோரா ஸ்டார்' கப்பலை ஜூலை 2-ம் தேதி ஜெர்மானிய நீர்மூழ்கியே மூழ்கடித்தது. எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியாவிலும் விடுவிக்கப்பட்ட பலரை மறுபடி பிடித்துப்போட்டார்கள். குடும்பங்கள் புரந்தர், சதாரா போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆண்களில் பெரும்பாலோர் இமயமலை அடிவாரத்தில், டேராடூன் அருகே பிரேம்நகர் முகாமுக்குப் போனார்கள்.

பிரேம்நகர். பெயர் என்னவோ அன்பு நகர்!

சாந்திநிகேதனில் ஆங்கிலம் கற்பித்த அலெக்ஸ் ஆரன்சன் என்ற யூத ஆசிரியரும் இப்படி மாட்டிக்கொண்டவர். அவரை விடுவிக்க ரவீந்திரநாத் தாகூரே தலையிட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தாகூர் கிடைப்பாரா? பம்பாயில் யூத நிவாரணச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அது அரசிடம் மனு மேல் மனுவாகப் போட்டுத் தன்னால் முடிந்தவர்களை மீட்டது.

துறவியும் நாஜியும் ஒரே முகாமில்

டேராடூன் முகாம் என்றதும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஹைன்ரிக் ஹாரரை. மலையேற வந்த இடத்தில் போரில் மாட்டிக்கொண்ட ஆஸ்திரியர். 1944 ஏப்ரல் 29-ம் தேதி அவரும் ஆறு பேரும் தப்பினார்கள். இருவர் பிரிட்டிஷ் அதிகாரிகள் போலவும், மற்றவர்கள் முள்வேலி ரிப்பேர் செய்யும் இந்தியக் கூலியாட்கள் போலவும் வேடம் போட்டு, ஏணியும் கம்பிச்சுருளும் தூக்கிக்கொண்டு, காவலர் கண்ணெதிரே வாசல் வழியாக நடந்தே வெளியேறினார்கள்! ஹாரர் திபெத்துக்குப் போய் இளம் தலாய் லாமாவோடு பழகினார். அதைப் புத்தகமாக எழுதினார். 1997-ல் பிராட் பிட் நடித்து சினிமாவும் வந்தது. அதே வருடம்தான் ஹாரர் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் உறுப்பினராக இருந்தவர் என்பதும் வெளியே வந்தது.

அதே முகாமில் இன்னொருவர் இருந்தார். அவருக்காக ஹாலிவுட் படம் எடுக்கவில்லை.

பெயர் ஞானபோனிகர். 1901-ல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போதைய பெயர் சீக்முண்ட் ஃபெனிகர். வாலிபத்தில் பௌத்த நூல்களைப் படித்து மனம் மாறினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1936-ல் இலங்கைக்கு வந்து துறவியானார். ஆனால் அவருடைய தாய் ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டிருந்தார். துறவியாகிவிட்டாலும் பெற்ற தாயை விட முடியுமா? இலங்கை நண்பர்களின் உதவியோடு 1939-ல் தாயைக் கொழும்புக்கு அழைத்துவந்து சேர்த்தார். நாஜிகளிடமிருந்து அம்மா தப்பித்தாயிற்று. மகனுக்கு நிம்மதி.

அதே வருடம் போர் தொடங்கியது. மகனை ஜெர்மானியர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

முதலில் இலங்கை மலையகத்தில் தியத்தலாவை முகாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஊவா மலைப்பகுதி. 1900-ல் போயர் கைதிகளுக்காகவே உருவாக்கப்பட்ட முகாம் அது. பிறகு அங்கிருந்து டேராடூன். அவருடைய குரு ஞானதிலோகரும் கூடவே இருந்தார். அவருக்கு இது இரண்டாவது சிறை! முதல் உலகப் போரிலும் இதே தியத்தலாவையில் அடைத்து, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, போர் முடிந்து பல வருடம் கழித்தே இலங்கைக்குத் திரும்ப விட்டார்கள். ஒரு தீவில் குடில் கட்டிக்கொண்டு பாலி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பிக்குவால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு என்ன ஆபத்து என்று 1914-லும் யாரும் சொல்லவில்லை, 1939-லும் சொல்லவில்லை.

முகாமுக்குள்ளேயே நாஜி ஆதரவாளர்கள் தனியாகவும் எதிர்ப்பாளர்கள் தனியாகவும் பிரிந்திருந்தார்கள். பிக்குகள் நாஜி எதிர்ப்பாளர்கள் பகுதியில் இருந்தார்கள். அதாவது, யார் எப்படிப்பட்டவர் என்று முகாம் அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் வெளியே விடவில்லை. இதில் மனதை உறுத்தும் விஷயமே அதுதான். தெரியாமல் செய்த தவறு என்றால் போர்ப் பதற்றம் என்று விட்டுவிடலாம்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. 1941 நவம்பரில் ஹிட்லர் அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டில் வசிக்கும் யூதர்கள் யாரும் இனி ஜெர்மானியக் குடிமக்கள் அல்ல. பெர்லின் சொன்னது, 'நீ எங்கள் ஆளே இல்லை.' டேராடூன் சொன்னது, 'நீ அவர்கள் ஆள்தான்.' நடுவில் ஒரு துறவி, பாலி மொழியிலிருந்து சுத்த நிபாதத்தை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1946-ல்தான் குருவும் சீடரும் இலங்கைக்குத் திரும்பினார்கள். ஞானபோனிகர் பின்னர் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கி, 93 வயது வரை வாழ்ந்தார்.

டேராடூனுக்கு வந்து சேராமலே போனவர்களும் உண்டு. டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் பிடிபட்ட ஜெர்மானியர்களையும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1942 ஜனவரி 19-ல் 'வான் இம்ஹாஃப்' என்ற கப்பலை ஜப்பானிய விமானம் தாக்கியது. டச்சு மாலுமிகள் படகுகளில் தப்பிவிட்டார்கள். முள்கம்பிக்குள் இருந்த கைதிகளில் நானூறு பேருக்கு மேல் கடலில் செத்தார்கள். மிஷனரிகள் இருந்தார்கள், பாலித் தீவின் கலைகளை உலகுக்குச் சொன்ன ஓவியர் வால்டர் ஸ்பீஸும் இருந்தார்.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை

1946 கடைசியில் மீதமிருந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலோரைக் கப்பலேற்றி ஹாம்பர்க்குக்கு அனுப்பினார்கள். முகாம்கள் காலியாகின. அதே வருடம் பிரிட்டிஷ் அரசு போர்க்காலச் சட்டத்தைக் கொஞ்சம் திருத்தி, வெளிநாட்டவர் சட்டம் என்ற பெயரில் நிரந்தரமாக்கியது. மறு வருடம் சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. சட்டம் அப்படியே இருந்தது.

1962-ல் சீனாவோடு போர். அஸ்ஸாம், வங்கப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் மூவாயிரம் பேரை ரயிலில் ஏற்றி ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் தச்சர்கள், செருப்புக் கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தியோலி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களை வெள்ளைக்காரன் அடைத்துவைத்த அதே முகாம். சில குடும்பங்கள் நான்கைந்து வருடம் கழித்துத் திரும்பியபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. 1968-ல் எதிரிச் சொத்துச் சட்டம் என்று தனியாகவே ஒரு சட்டமும் வந்தது.

அமெரிக்கா தன் நாட்டில் அடைத்துவைத்த ஜப்பானிய வம்சாவளியினரிடம் 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20 ஆயிரம் டாலர் கொடுத்தது. (அங்கே அடைக்கப்பட்ட சுமார் 11 ஆயிரம் ஜெர்மானியர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.) தியோலியில் இருந்தவர்கள் இன்று வயதானவர்கள். கனடாவில் குடியேறிவிட்டவர்கள் அங்கிருந்து இந்திய அரசிடம் மன்னிப்பு கேட்டுக் குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்பது பணம்கூட இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சட்டம் புதிதல்ல. 1990-களில் இருந்து வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, இப்போது திருச்சி என்று இடம் மாறி மாறி இயங்கிவரும் 'சிறப்பு முகாம்'கள் இந்த 1946 சட்டத்தின் பேரில் அமைந்தவை. இலங்கைத் தமிழர்கள்தான் அங்கே அதிகம் அடைக்கப்பட்டார்கள். 'வழக்கு இருக்கிறது, தலைமறைவாகிவிடக் கூடாது' என்கிறது அரசுத் தரப்பு. 'ஜாமீன் கிடைத்த பிறகும், தண்டனை முடிந்த பிறகும் எதற்கு அடைப்பு?' என்று கேட்டு முகாமில் இருப்பவர்கள் உண்ணாவிரதம் இருந்தது எத்தனையோ தடவை செய்தியானது. இது ஜெர்மானியர் கதையிலிருந்து வேறுபட்டதுதான். போர் இல்லை, எதிரி நாடும் இல்லை. ஆனால் நீதிமன்றம் விட்ட ஒருவரை அரசாணை பிடித்துவைக்க முடிகிறது என்ற இடத்தில் இரண்டு கதையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

1946-ம் வருடச் சட்டத்துக்கு 2025-ல் விடை கொடுத்தாயிற்று. குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்ற புதிய சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் ஒருவரை இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் அதிலும் அரசிடமே இருக்கிறது.